குறை எழுதும் வெள்ளிக்கிழமை

அஜைல் என்ற சொல்லைக் கேட்டாலே இன்றும் எனக்கு எரிச்சல் வரும். அந்த வேலைமுறை மேல் எனக்குப் பகை கிடையாது. வேலையைச் சிறு சிறு துண்டுகளாக வெட்டி, இரண்டு வாரத்துக்கு ஒருமுறை முடித்துக் கொடுத்து, தவறு இருந்தால் சீக்கிரமே கண்டுபிடிப்பது நல்ல ஏற்பாடுதான். அதை எந்த ஊரில், யார் தலையில் கொண்டுபோய் இறக்குகிறோம் என்று ஒருவரும் யோசிக்கவில்லையே, அதுதான் என் வயிற்றெரிச்சல்.

வியட்நாமின் சைகோனில் எங்கள் அலுவலகம் கான் ஹொய் என்ற பகுதியில், பழைய துறைமுகக் கிடங்குகளுக்குப் பின்னால் இருந்தது. வெளிநாட்டுக் கம்பெனி ஒன்றின் சரக்கு இருப்பைக் கவனிக்கும் மென்பொருள் எழுதிக்கொண்டிருந்தோம். நான் மட்டும் சென்னையிலிருந்து போனவன். மற்றவர்கள் அந்த ஊர்க்காரர்கள். மேலாளர் சென்னையில் உட்கார்ந்தபடி திரையில் தலைகாட்டுவார்.

குழுவில் மூத்தவர் நாற்பதைத் தாண்டிய ஒரு புரோகிராமர். அங்கே வயதில் பெரியவரைப் பெயர் சொல்லாமல் அண்ணன் என்றுதான் கூப்பிடுவார்கள். எனக்கும் அவர் அண்ணன்தான். அவர் மகள் அப்போதுதான் பல்கலைக்கழகத்தில் சேர்ந்திருந்தாள். எங்கள் தொழிலில் அந்த வயதுக்காரருக்கு வேலை போனால் இன்னொன்று கிடைப்பது குதிரைக்கொம்பு. அது அவருக்கும் தெரியும்.

ஸ்பிரிண்ட் என்று பேர் வைத்த அந்த இரண்டு வாரம் முடியும் வெள்ளிக்கிழமை ரெட்ரோ என்று ஒரு கூட்டம் நடக்கும். எது நன்றாக நடந்தது, எது சறுக்கியது என்று ஆளுக்கொரு மஞ்சள் ஒட்டுத்தாளில் எழுதிச் சுவரில் ஒட்ட வேண்டும். யார் மேலும் பழி கிடையாது, மனம்விட்டு எழுதுங்கள் என்றார் மேலாளர். எல்லோரும் அண்ணனைப் பார்த்தார்கள். அவர் மளமளவென்று எழுதினார். சோதித்துப் பார்க்காமல் அனுப்பிவிட்டேன். நேரத்தைத் தவறாகக் கணித்தேன். இளையவர்களைக் கவனிக்கத் தவறினேன். யாரும் கேட்காமலே ஒவ்வொரு தாளின் கீழும் தன் பெயரையும் போட்டார். சோதிக்காமல் அனுப்பியது அவர் பக்கத்து மேசைப் பெண். நேரத்தைக் குறைத்தது சாட்சாத் மேலாளர்.

ஒருநாள் பாலத்தடிக் கடையில் ஐஸ் காபி குடிக்கும்போது, அடுத்தவர் தப்பை ஏன் உங்கள் பேரில் எழுதுகிறீர்கள் என்று கேட்டேவிட்டேன். தனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் நிதானமாகச் சொன்னார். போர் முடிந்த பிறகு அவர் படித்த பள்ளியில் வாராவாரம் எழுந்து நின்று தன் குறையைத் தானே சொல்ல வேண்டுமாம். என்னிடம் குறை இல்லை என்றால் அதுவே பெரிய குறையாம். அவர் அப்பாவைச் சீர்திருத்த முகாமில் அடைத்து வைத்து அதையே திரும்பத் திரும்ப எழுத வைத்தார்களாம். மூத்தவன் ஒப்புக்கொண்டால் சின்னவர்களை விட்டுவிடுவார்கள் என்றார்.

இது அப்படி இல்லை, இங்கே தண்டனை கிடையாது என்றேன். அப்போதும் அப்படித்தான் சொன்னார்கள் என்று சிரித்தார்.

சில மாதங்கள் கழித்து அந்த வெளிநாட்டுக் கம்பெனி குழுவில் ஓர் ஆளைக் குறைக்கச் சொன்னது. மேலாளர், ரெட்ரோ சுவரை எடுத்த புகைப்படங்களைப் புரட்டினார். அண்ணனைத்தான் அனுப்பப்போகிறார் என்ற விஷயம் காதுக்கு வந்ததும் அவருக்குப் போன் போட்டேன்.

"சார், அதெல்லாம் அவர் தப்பே இல்ல. மத்தவங்களுக்காக எழுதினது."

"அவரே கைப்பட எழுதி கையெழுத்து வேற போட்டிருக்காருப்பா. நான் என்ன பண்றது?"

"பழி கிடையாதுன்னு நீங்கதான சொன்னீங்க?"

"நான் எங்க பழி போட்டேன்? டேட்டாவ பாக்கறேன், அவ்ளோதான்."

போனைச் சுவரில் வீசலாம் போல ஆத்திரம் வந்தது. அண்ணனோ கோபமே படவில்லை. மேசையைத் துடைத்து வைத்தார். ஒவ்வொருவரிடமும் போய், தன்னால் ஏற்பட்ட சிரமத்துக்கு மன்னிப்புக் கேட்டார். பக்கத்து மேசைப் பெண்ணிடமும் கேட்டார். அவள் கழிவறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். அவர் மோட்டார் சைக்கிள் பாலமேறிப் போவதை ஜன்னல் வழியாகப் பார்த்தேன். மகளிடம் என்ன சொல்வாரோ.

அடுத்த ரெட்ரோவில் யாரும் பேனாவைத் தொடவில்லை. எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். அண்ணன் போன பிறகு அந்த அறையில் வயதில் பெரியவன் நான்தான் என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. பக்கத்து மேசைப் பெண் ஒரு தாளை எடுத்து, பெரியவர்களுக்குக் கொடுக்கும் மரியாதையோடு இரண்டு கைகளாலும் நீட்டினாள். அண்ணனை அனுப்பியது தவறு என்று கொட்டை எழுத்தில் எழுதிச் சுவரில் ஒட்டினேன்.

திரையில் தெரியவில்லை, வாசியுங்கள் என்றார் மேலாளர். வாசித்தேன். உடனே அவர் மற்றவர்களுக்குப் புரியாதபடி தமிழுக்கு மாறினார்.

"அது இந்த ஸ்பிரிண்ட்ல வராதுப்பா. உங்க சைடுல ஏதாவது இருந்தா எழுதுங்க."

தமிழ் தெரியாவிட்டாலும் அந்தப் பெண்ணுக்குப் புரிந்துவிட்டது. ஒட்டுத்தாள் கட்டிலிருந்து இன்னொரு தாளைக் கிழித்து என் முன்னால் வைத்தாள்.