அவளுக்குச் சொல்லாத பாதி

மருமகள் மீஞ்சூர்க்காரி, எழுத்துக் கூட்டாமல் படிப்பாள் என்றுதான் என் ஓரகத்திக்கு அத்தனை மிதப்பு. நீ அப்போது பசியாவரத்துக்கு வாழ்க்கைப்பட்டு வரவில்லை, உனக்கெங்கே தெரியும். எனக்கு வாய்த்தவள் சுண்ணாம்புக்குளத்துக்காரி. அவளும் படித்தவள்தான், ஆனால் தெலுங்கு மட்டும். நண்டுக் குழம்பு வைத்தாளென்றால்... அது கிடக்கட்டும்.

வாரப் பத்திரிகையில் ஒரு தொடர்கதை வந்தது. வரப்போகிற காலத்தில் சர்க்கார் கடலை மறைத்து மதில் கட்டிவிடுமாம், எட்டிப் பார்த்தால் ஜெயிலாம். அப்புறம் குழம்புக்கு என்ன செய்வார்களாம், அதைக் கதையில் சொல்லவேயில்லை. மத்தியானம் ஓரகத்தி வீட்டில் நாங்கள் இறால் உரிப்போம், மீஞ்சூர்ப் பெண் படிப்பாள். ஒரு வாரம் 'நான் கடலைப் பார்த்ததே இல்லை' என்று வந்தது. மறுவாரம் 'நான் கடலில் குளித்தேன்' என்று வந்தது. எனக்குப் பொறுக்கவில்லை, பொய்க்காரி என்று சொல்லிவிட்டேன்.

ஓரகத்தி இறாலைக் கீழே போட்டுவிட்டுச் சிரித்தாள்.

"அது ரெண்டு பேருடி. ஒரு வாரம் பொண்ணு சொல்லுது, ஒரு வாரம் பையன் சொல்றான். மேல பேர் போட்டுக்கீது. இன்னாத்த கேட்ட நீ?"

பெயரை எங்களுக்கு யார் படித்தார்கள்? அவளுக்கு மட்டும் முன்பே ஒரு தடவை படித்துக் காட்டியாகிவிடுகிறது, எங்களுக்கு வருவது ஆறிப்போனது. வயிறு எரிந்தது. முடிவையாவது அவளுக்கு முன்னால் கேட்டுவிட வேண்டும் என்று இருந்தேன்.

மீஞ்சூர்ப் பெண் மசக்கையில் நண்டுக் குழம்புக்கு ஏங்கினாள். என் மருமகள் வைத்ததை நானே கொண்டுபோய்க் கொடுத்தேன், ஒரு நாளில்லை, பல நாள். அவள் தாய்வீட்டுக்குப் படகேறும் அன்றுதான் கடைசி வாரம் வந்தது. ஓரகத்தி மூட்டை கட்டிக்கொண்டிருந்த நேரத்தில், அவள் என் வீட்டில் உட்கார்ந்து, பெயரையும் சேர்த்து, எனக்கு மட்டும் படித்தாள். பத்திரிகையைக் கையோடு கொண்டுபோய்விட்டாள்.

சாயங்காலம் ஓரகத்தி என்னைத் தேடி வந்தாள், கதை என்ன ஆயிற்றென்று கேட்க. அவள், என்னிடம்!

அந்த வாரம் இரண்டு பேருமே சொல்லியிருந்தார்கள். நான் பையன் சொன்னதை மட்டும் சொன்னேன். மதிலில் ஓட்டை போட்டுக் காத்திருந்தான், அவள் வரவில்லை, படகைத் தள்ளிக்கொண்டு போய்விட்டான். இன்னும் பாதி இருக்கிறதென்று தெரிந்தால்தானே பிறகு மருமகளைக் கேட்பாள்.

இரண்டு பேரும் பேரன் பேத்தி எடுத்துவிட்டோம். ஓரகத்தி இன்னமும் அந்தக் கதைப் பெண்ணைத் திட்டுகிறாள்.

"ஏமாத்திட்டா பாரு, கல்நெஞ்சுக்காரி."

அவள் வந்தாளே. காவல்காரன் பக்கத்தில் நின்றதால் கூப்பிட முடியாமல், ஓட்டை வழியாக முதன்முதலாகக் கடலைப் பார்த்தாள், அதில் அவன் படகு போய்க்கொண்டிருந்தது. மீஞ்சூர் மருமகள் ஓரகத்திக்கு இருக்கட்டும், இந்தப் பாதி எனக்கு இருக்கட்டும். நீயும் போய்ச் சொல்லி... இரு, கருவாட்டில் காக்கை உட்காருகிறது.