சொல்லிவிட்டுப் போகிற அப்பா

அவர் குரலைத்தான் முதலில் கேட்டேன், ஆளைப் பார்த்தது பிறகு. அலுவலக லிஃப்ட் இரண்டு மாடிகளுக்கு நடுவே நின்றுபோய், உள்ளே இருந்த நாங்கள் கதவைக் குத்திக்கொண்டிருந்தபோது மேலேயிருந்து ஒரு குரல் வந்தது. "மெக்கானிக் பேசுறேன். மோட்டார் ரூமுக்குப் போறேன். கொஞ்ச நேரம் என் குரல் கேக்காது. வந்து கூப்பிடுவேன்." சொன்னபடியே வந்து கூப்பிட்டார். பழக்கமான பிறகு அவர் சொன்ன கதை இது.

அவருடைய மகளுக்கு அப்போது இரண்டு வயது தாண்டியிருந்தது. வீட்டில் அவள் பெயர் வாண்டு. காலையில் குழந்தைகள் காப்பகத்தில் விட்ட கொஞ்ச நேரத்துக்கெல்லாம் பக்கத்துக் குழந்தையின் கையைக் கடித்துவைப்பாள். கடிபட்ட பிள்ளையின் தாய் ஒருத்தி சண்டைக்கு வந்ததும் காப்பகத்து அக்கா கையை விரித்துவிட்டார். "இந்த வாரத்துக்குள்ள நிக்கலன்னா வேற இடம் பாத்துக்கங்கப்பா."

வேறு இடம் கிடையாது. மனைவி அப்போதுதான் மருந்துக்கடை வேலையில் சேர்ந்திருந்தாள். யாராவது ஒருவர் வேலையை விட வேண்டும். அது யார் என்று இருவருக்கும் தெரியும்.

அவர் மிரட்டிப் பார்த்தார், மூலையில் உட்காரவைத்துப் பார்த்தார். அன்று மாலை அவள் அவரையே கடித்தாள். கையை ஓங்கிவிட்டார். அடி விழவில்லை. ஆனால் அவள் கண்ணை இறுக மூடிக்கொண்டது அவரை என்னவோ செய்தது.

துணி மடித்துக்கொண்டிருந்த மனைவி கேட்டாள்.

"காலைல எப்படி விட்டுட்டு வர்றீங்க?"

"பொம்மையக் காட்டுவேன். அவ அந்தப் பக்கம் திரும்புனதும் நழுவிடுவேன். சொன்னா அழுவாளே."

"லிஃப்ட்ல மாட்டுன முன்னபின்ன தெரியாதவங்ககிட்ட 'போறேன், வந்துருவேன்'னு பத்துத் தடவை சொல்றீங்க. பெத்த பொண்ணுகிட்ட திருடன் மாதிரி நழுவுறீங்க. திரும்பிப் பாத்தா அப்பனக் காணோம்னா நான்கூடக் கடிப்பேன்."

"நீ கடிக்காம இருந்தாத்தான் அதிசயம்" என்றார். இருவருக்கும் சிரிப்பு வரவில்லை.

மறுநாள் காப்பக வாசலில் குத்துக்காலிட்டு உட்கார்ந்தார். "அப்பா வேலைக்குப் போறேன். நீ தூங்கி எந்திரிச்சுப் பால் குடிச்சதும் வந்துருவேன்." வாண்டு ஊரைக் கூட்டினாள், சட்டையைப் பிடித்துத் தொங்கினாள்.

"இதுக்கு சொல்லாமப் போனதே தேவலை" என்றார் அக்கா.

அவர் நகரவில்லை. "கோவமா இருக்கா? வரும்தான். அழு, அப்பா இருக்கேன்." அவள் அழுது ஓய்ந்து அக்காவின் தோளுக்குப் போனபின், மறுபடி ஒருமுறை சொல்லிவிட்டே கிளம்பினார். வேலைக்குத் தாமதமாகப் போய் மேற்பார்வையாளரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டார். மத்தியானச் சாப்பாட்டு இடைவேளையை விட்டுக்கொடுத்து, முன்னதாகவே கிளம்பி, பால் டம்ளர் காலியாகும் நேரத்துக்கு வாசலில் வந்து நின்றார். தினமும் அப்படியே.

நடுவில் ஒருநாள் மறுபடி கடித்தாள். அவர் சோர்ந்துபோனார், ஆனாலும் சொல்லிவிட்டுப் போவதை நிறுத்தவில்லை. வாரக் கடைசியில் அக்காவே வாசலுக்கு வந்தார். "இன்னைக்குக் கடிக்கத்தான் போனா. பாதியில திரும்பி எங்கிட்ட ஓடியாந்து 'அப்பா வரும்'னா. சரி, திங்கக்கிழமையும் கூட்டிட்டு வாங்க."

வாண்டு இப்போது பள்ளிக்கூடம் போகிறாள். மனைவி அதே மருந்துக்கடையில் இருக்கிறாள். அடுத்துப் பிறந்த மகனுக்கு ஒன்றரை வயது. சாப்பாட்டுத் தட்டைத் தூக்கி எறிகிறான். ஏன் என்று அவருக்கு இன்னும் பிடிபடவில்லை. தட்டை எடுத்து வைத்துவிட்டு, பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருக்கிறார்.