கடையில் கிடைக்கிற பல்பு

சுபத்ராவிடம் பேசுகிறவர்கள் அவளுக்கு வலது பக்கமாக வந்து நின்றுதான் பேசுவார்கள். திருமுடிவாக்கம் தொழிற்பேட்டையில் சிட்டிபாபுவின் பட்டறைக்கு வேலைக்கு வருகிறவர்கள் முதலில் கற்றுக்கொள்வது அதைத்தான். இடது பக்கம் நின்று கூப்பிட்டால் திரும்ப மாட்டாள். திமிர் என்று நினைத்தவர்கள் உண்டு. திமிரும் கொஞ்சம் உண்டுதான், ஆனால் அது வேறு விஷயம்.

பம்மலில் பிறந்து வளர்ந்தவள். மூன்றாம் வகுப்பு படிக்கும்போது இடது காதில் சீழ் வடிய ஆரம்பித்தது. ஆபரேஷன் செய்தால் சரியாகிவிடும் என்றார்கள். அம்மா அவளை பஸ்ஸில் ஏற்றிக்கொண்டு ஒரு பெரிய ஆஸ்பத்திரிக்கு அலையாய் அலைந்தாள். காதுக்குள் பார்த்து ஆபரேஷன் செய்கிற மைக்ராஸ்கோப் அங்கே இருந்தது. அதற்குப் பல்புதான் இல்லை. பழசு ஃபியூஸ் போய்விட்டது, புதுசு வெளிநாட்டிலிருந்து வர வேண்டும், அடுத்த வாரம் வாங்க என்றார்கள். அடுத்த வாரம் போனால் மறுபடியும் அடுத்த வாரம். முழுப்பரீட்சை லீவு வந்து போனது, பல்பு வரவில்லை. அதற்குள் சீழ் உள்ளே எலும்பை அரித்துவிட்டது. கடைசியில் வேறோர் இடத்தில் ஆபரேஷன் நடந்து பிள்ளை பிழைத்தாள். காது பிழைக்கவில்லை. ஒரு பல்புக்காகக் காதைக் கொடுத்தவள் என்று தன்னைப் பற்றி அவளே சிரித்துக்கொண்டு சொல்வாள். கேட்கிறவர்களுக்குத்தான் சிரிப்பு வராது.

சிட்டிபாபுவின் பட்டறையில் ஆஸ்பத்திரிக் கட்டிலுக்குப் பெயிண்ட் அடிக்கச் சேர்ந்தாள். அவர் பழைய ஆபரேஷன் மைக்ராஸ்கோப்புகளை வாங்கிச் சரிசெய்து விற்கத் தொடங்கியபோது, லென்ஸ் துடைக்கிற வேலையை வலியப் போய்க் கேட்டு வாங்கினாள். துடைத்தவள் கழற்றினாள், கழற்றியவள் மாட்டினாள். இன்றைக்கு அந்த மேஜைப் பக்கம் முதலாளியே அவளைக் கேட்காமல் கை வைப்பதில்லை.

போன வருஷம் எப்சி என்ற நர்ஸ் பட்டறைக்கு வந்தாள். அஸ்தினாபுரத்துப் பெண். ஆப்பிரிக்காவில், ஜாம்பியா நாட்டின் ஒரு சிற்றூரில், மிஷன் ஆஸ்பத்திரியில் வேலை. லீவில் ஊருக்கு வந்திருந்தாள். ஐரோப்பாவிலிருந்து யாரோ புண்ணியவான் கொடுத்த மைக்ராஸ்கோப் அங்கே மூலையில் உறை போர்த்தி நிற்கிறதாம். அதன் பல்பு போய்விட்டது, அந்த ரகத்தை இப்போது யாரும் தயாரிப்பதில்லை. காது டாக்டர் இருக்கிறார், சீழ் வடியும் காதோடு பிள்ளைகள் வந்துகொண்டே இருக்கிறார்கள், வெளிச்சம்தான் இல்லை. வேறொரு மைக்ராஸ்கோப் தயார் செய்து அனுப்ப முடியுமா என்று கேட்டாள்.

சுபத்ரா கையிலிருந்த துணியைக் கீழே வைத்தாள்.

"வர்ற புள்ளைங்க கைல இன்னா சொல்லுவீங்கோ?"

"அடுத்த வாரம் வாங்கன்னு அனுப்பிடுவோம் அக்கா. வேற என்ன செய்றது?"

அன்று சுபத்ரா சாப்பாட்டு டப்பாவைத் திறக்கவே இல்லை. கோபம் என்றால் அப்படி ஒரு கோபம்.

நல்ல மைக்ராஸ்கோப் ஒன்று பட்டறையில் இருந்தது. அதற்கு எந்த விளக்கு போடுவது என்பதில்தான் தகராறு வந்தது. சிட்டிபாபு நல்ல மனுஷர். வெளிநாட்டு எல்.இ.டி. விளக்கே போட்டுவிடலாம், வருஷக்கணக்கில் எரியும் என்றார். அதுவும் ஒருநாள் போகுமே, அப்புறம் என்று சுபத்ரா கேட்டாள். அதை அப்போது பார்த்துக்கொள்ளலாம் என்றார். அவள் உடனே எப்சிக்கு வாட்ஸப்பில் ஒரு செய்தி போட்டாள். ஆஸ்பத்திரிக்கு எதிரே என்ன கடை இருக்கிறதோ, அதைப் படம் பிடித்து அனுப்பு.

லீவு முடிந்து போன எப்சி படம் அனுப்பினாள். சோப்பு, மெழுகுவர்த்தி, சைக்கிள் டியூப், அதற்கு மேலே சரமாகத் தொங்கும் பைக் ஹெட்லைட் பல்புகள். நம்மூர் பைக்குகள்தான் அங்கேயும் ஓடுகின்றனவாம். பம்மல் கடையில் தொங்குகிற அதே பல்பு, அதே மஞ்சள் அட்டை. சுபத்ரா படத்தை முதலாளியின் முகத்துக்கு நேரே நீட்டினாள்.

"இன்னாம்மா இது, ஆபரேஷன் மிஷின்ல பைக்கு பல்பா? பாக்கறவன் சிரிப்பான்."

"சிரிச்சிட்டுப் போட்டும் அண்ணா. போச்சுன்னா ரோட்டைத் தாண்டிப் போயி வாங்கிக்கினு வர்லாம். அது ஒண்ணு போதும் எனக்கு."

சொல்வது சுலபம். முதல் சோதனையிலேயே பல்புக்கு முன்னாலிருந்த கண்ணாடி சூட்டில் படாரென்று வெடித்தது. பைக்கில் ஓடும்போது காற்று பட்டு ஆறுகிற பல்பு, பெட்டிக்குள் அடைத்தால் சும்மா இருக்குமா? கம்ப்யூட்டர் ஃபேன் ஒன்றைப் பக்கத்தில் வைத்தாள். சூடு அடங்கியது, ஆனால் ஃபேன் அதிர்ந்தது. லென்ஸ் வழியாகப் பார்த்தால் எல்லாமே தந்தியடித்தது. நடுங்குகிற காதில் யார் கத்தி வைப்பது? சிட்டிபாபு வெளிநாட்டு எல்.இ.டி. விலைப்பட்டியலை எடுத்து அவள் மேஜையில் வைத்துவிட்டுப் போனார்.

சுபத்ரா விடவில்லை. பல்பையும் ஃபேனையும் ஒரு தகரப் பெட்டியில் போட்டு ஸ்டாண்டின் அடிக்கால் பக்கத்தில் ரப்பர் வைத்து உட்கார்த்தினாள். அங்கிருந்து வெளிச்சத்தை மட்டும் கண்ணாடி இழைக் கேபிள் வழியாக மேலே கொண்டுபோனாள். தன் தலைமுடி ஒன்றைப் பிடுங்கி லென்ஸுக்கு அடியில் ஒட்டி, சிட்டிபாபுவைப் பார்க்கச் சொன்னாள். முடி அசையாமல் நின்றது. அவர் நெடுநேரம் பார்த்துவிட்டு, பேக்கிங் பெட்டிக்குப் பலகை அறுக்கச் சொல்லி ஆளை அனுப்பினார். உள்ளே சுபத்ரா உபரியாக ஒரு பல்பும் வைத்தாள். மைக்ராஸ்கோப் கப்பல் ஏறியது.

போய்ச் சேர்ந்தது, வேலை செய்கிறது என்று எப்சி தகவல் சொன்னாள். சுபத்ராவுக்கு அது போதவில்லை. எரிகிற வரைக்கும் எந்த விளக்கும் நல்ல விளக்குதான்.

இந்தப் பங்குனியில் ஒரு மத்தியானம் எப்சி போன் செய்தாள். சுபத்ரா வலது காதில் வைத்துக்கொண்டாள். ஒரு சின்னப் பெண்ணுக்கு ஆபரேஷன் பாதியில் இருந்தபோது பல்பு போய்விட்டதாம். உபரிப் பல்பைத் தேடினால் டப்பா காலி. ஆஸ்பத்திரி டிரைவர் என்றைக்கோ அதை எடுத்துத் தன் பைக்கில் மாட்டிக்கொண்டு ஜம்மென்று சுற்றிக்கொண்டிருந்திருக்கிறார். டாக்டர் கத்திய கத்தில் மனுஷர் கடை வரைக்கும்கூடப் போகாமல் வாசலில் நின்ற பைக்குக்கு ஓடி, ஹெட்லைட்டைப் பிரித்துப் பல்பைக் கழற்றிக்கொண்டு வந்து நின்றார். மாட்டினார்கள். எரிந்தது. டாக்டர் விட்ட இடத்திலிருந்து தொடர்ந்து ஆபரேஷனை முடித்தார்.

போனை வைத்த சுபத்ரா மேஜையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். சிட்டிபாபு பதறிப்போய் வலது பக்கமாக ஓடிவந்து என்ன ஆயிற்று என்று கேட்டார்.

"பல்பு போயிடிச்சாம் அண்ணா," என்றாள். முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். "அந்தப் பொண்ணை அடுத்த வாரம் வரச் சொல்லலியாம்."