பாண்டி கடல்ல குதிச்ச அன்னைக்கு

கேபிள் டிவிக்காரனை, படம் ஓடுத வரைக்கும் ஒருத்தரும் நினைக்க மாட்டாங்க; படம் நின்னா அவனைப் பெத்த தாய் வரைக்கும் நினைச்சுப் பேசுவாங்க. ஏணியும் கையுமா அலையிற சகோதரர்களே, உங்களுக்கு நான் இதை விளக்கவா வேணும்? எல்லாரும் வாங்கிக் கட்டிக்கிட்டவங்கதான. எனக்குச் சொந்த ஊரு ஓட்டப்பிடாரம் பக்கம், தொழில் கடலோரத்துல, திரேஸ்புரத்துல. கடல்னா எனக்கு உப்புக்காத்து, உப்புக்காத்துன்னா துருப்பிடிச்ச கனெக்டர். அதுக்கு மேல கடலைப் பத்தி ஒரு எழவும் தெரியாது.

கொலைகாரனைப் பெத்த வீடு

சாயங்காலம் ஏழு மணிக்கு ஒரு போலீஸ் நாடகம் ஓடுச்சு. ஜெயில்ல இருந்து தப்பிச்ச பாண்டிங்கிறவனை ஒரு பொம்பள இன்ஸ்பெக்டர் ஊர் ஊராத் தேடுதா. எங்களுக்கு அதுல என்ன விசேஷம்னா, பாண்டியா நடிச்சவன் எங்க தெரு பிலோமி அக்கா மகன் ரீகன். சென்னைக்குப் போயி, பல வருஷம் கூட்டத்துல ஒருத்தனா நின்னவனுக்கு மொதமொதல்ல கிடைச்ச, பேர் உள்ள வேஷம். முதல் வாரம் தெருவே அக்கா வீட்டுல மிட்டாய் கேட்டு நின்னுச்சு.

அப்புறம் கதையில பாண்டி ஒரு ஏட்டைக் கொன்னுட்டான். மறுநாள் அக்கா வீட்டு பாக்ஸைச் சரி பண்ணப் போயிருந்தேன். எதிர்வீட்டு ஜெசிந்தா, மீன் விக்கிறவ, வாசல்ல வந்து நின்னா. இடுப்புல கை. சரி, இன்னைக்கு இங்கன சண்டைதான்னு நான் பாக்ஸுக்குள்ள தலையை விட்டுக்கிட்டேன். அவ மூக்கை உறிஞ்சிட்டுச் சொன்னா: "ஒம் மவன் அந்த ஏட்டை விட்டிருக்கலாம் மைனி. பாவம், ரெண்டு பொட்டப்புள்ள வச்சிருந்த மனுசன்!"

கதவைத் தட்டுன இன்ஸ்பெக்டர்

கொஞ்ச நாள்ல கதை திரும்பிட்டு. பாண்டி செய்யாத குத்தத்துக்கு ஜெயிலுக்குப் போனவனாம்; ஏட்டைக் கொன்னதும் அவன் இல்லயாம். அவ்வளவுதான், நேத்து வரைக்கும் அவன் மேல மண்ணை வாரித் தூத்துன தெரு இன்னைக்கு அவனுக்காக மெழுகுவர்த்தி ஏத்துது.

ஒருநாள் நாடக நேரத்துல ஜெசிந்தா வீட்டு வாசல்ல ஏணி போட்டு நிக்கேன். எல்லா வீட்டுக் கதவும் திறந்து கிடக்கு, எல்லா வீட்டுலயும் அதே நாடகம், தெருவுல நின்னாலே கதை கேக்கும். பாண்டி ஒரு வீட்டுப் பரண்ல ஒளிஞ்சிருக்கான். இன்ஸ்பெக்டர் கதவைத் தட்டுதா. தெருவுல ஒரு ஈ காக்கா மூச்சு விடல. நான்கூட கட்டிங் பிளேயரை அந்தரத்துல பிடிச்சபடி நின்னுட்டேன். "பாண்டி இங்க வந்தானா?"ன்னு இன்ஸ்பெக்டர் நேரா நம்மளப் பாத்துக் கேக்கா. ஜெசிந்தா டிவியைப் பாத்துப் போட்ட சத்தத்துல ஏணியே ஆடிட்டு: "இங்கன ஒருத்தனும் வரல, போளா அங்கிட்டு!"

அக்கா கேட்ட உதவி

கடைசி வாரம். முடிவுல பாண்டி கடல்ல குதிக்கப் போறான்னு விளம்பரத்துலயே காட்டிட்டாங்க. பிலோமி அக்கா என் கன்ட்ரோல் ரூம் படியேறி வந்து, "முருகேசா, சனிக்கிழமை அந்த நேரம் லைனை நிப்பாட்டிரு"ன்னாங்க. அவங்க வீட்டுக்குத்தான் கேக்காங்கன்னு நினைச்சேன். இல்ல, தெரு முழுக்கவாம்.

அக்கா வீட்டுக்காரர் கடலுக்குப் போனவர், போனவர்தான். படகோட பலகை ரெண்டு கரை ஒதுங்குச்சு, ஆள் கிடைக்கல. ரீகனை "கடல் பக்கமே போகாதல"ன்னு சொல்லிச் சொல்லி வளத்து சென்னைக்கு அனுப்பி வச்சாங்க. இப்ப அந்தப் பிள்ளை டிவிக்குள்ள கடல்ல குதிக்கப் போறான். பிழைப்பானா மாட்டானான்னு அவன்கிட்டயே கேட்டிருக்காங்க. "முடிவை வெளிய சொல்லக்கூடாதும்மா"ன்னு அவனும் போனை வச்சுட்டான்.

"உங்க டிவிய மட்டும் அமத்திருங்களேன்க்கா."

"தெரு பூரா கத்துமே, காதைக் கழட்டியா வைப்பேன்?"

"ஆலந்தலைக்குத் தங்கச்சி வீட்டுக்குப் போயிருங்க."

"அவதான் அங்கன முத ஆளா டிவி முன்னால உக்காருவா."

"அப்ப மாதா கோயில்ல போய் உக்காருங்க." கொஞ்சம் எரிச்சலாத்தான் சொன்னேன். அக்கா கண்ணு கலங்கிட்டு. "கோயில் மதிலுக்கு அடுத்த வீட்டுலயும் ஒன் லைன்தானலே ஓடுது. அவரு போனதை நான் பாக்கல. இவன் போறதைக் கேக்கவும் வேண்டாம்."

செல்வம் சொன்ன புத்தி

அக்காகிட்டச் சரின்னுட்டு, என்கூட கம்பம் ஏறுத செல்வத்துக்கிட்ட சொன்னேன். அவன் தலையில அடிச்சுக்கிட்டான். ஏற்கெனவே பாதிப் பேரு டிஷ்ஷுக்கும் போனுக்கும் போயாச்சு. மிச்சம் இருக்கிறவங்களை இழுத்துப் பிடிச்சு வச்சிருக்கிறதே இந்த நாடகம்தான். அது முடியிற நேரத்துல லைன் நின்னா எவன் நம்மகிட்ட இருப்பான்? "ஒரு தாய்க்குப் பாவம் பாத்தீங்கன்னா, ஒங்க தாயை ஊர் பூரா இழுப்பாங்க, அண்ணாச்சி!"

சனிக்கிழமை

கன்ட்ரோல் ரூம்ல ஒரு கை பிளக்குல, கண்ணு டிவியில. பாண்டிக்குத் தோள்ல குண்டு பட்டிருக்கு, படகை வேகமா ஓட்டிட்டுப் போறான். பின்னாலேயே போலீஸ் படகு. புடுங்கு, புடுங்குன்னு மனசு அடிச்சுக்குது, கை வரமாட்டேங்குது. பிழைப்பு போயிருமேங்கிற பயம் ஒரு பக்கம். பாழாப்போன கதை ஒரு பக்கம். இன்னொரு குண்டு வெடிச்சுது. பாண்டி குதிச்சான். தண்ணியில அவன் விழுந்த சத்தம் தெரு முழுக்க எல்லா வீட்டுலயும் ஒண்ணாக் கேட்டுச்சு. அப்பத்தான் புடுங்குனேன், மடையன்!

தெரு ஒரு நிமிஷம் செத்துக் கிடந்துச்சு. அப்புறம் கிளம்புச்சு பாருங்க, எங்க அம்மா பேரு! போன் ஒரு பக்கம் அலறுது. படியில யாரோ தடதடன்னு ஓடி வாராங்க. ஜெசிந்தா அருவாமனையோட வாரான்னே நினைச்சேன். வந்தது பிலோமி அக்கா. கால்ல செருப்பு இல்ல, மூச்சு வாங்குது.

"லைனைப் போடுலே!"

"அக்கா, நீங்கதான..."

"குதிச்ச சத்தம் கேட்டுட்டு. கரையேறுனானா இல்லையா? போடுலே! தெரியாமக் கிடக்க என்னால முடியாது. ஒருத்தருக்காக இத்தனை வருஷம் வாசலைப் பாத்துட்டுக் கெடக்கேன், பத்தாதா?"

மகன் சென்னையில உசுரோட இருக்கான்னு அக்காவுக்குத் தெரியாதா? நல்லாத் தெரியும். அந்த நேரத்துல அந்த முகத்தைப் பாத்து யாரு அதைச் சொல்ல? சொருகப் போனா பிளக்கு ரெண்டு தடவை நழுவுச்சு. கூட நின்ன செல்வம்தான் என் கையில இருந்து பிடுங்கிச் சொருகுனான். படம் வரல. திரையில 'சிக்னல் இல்லை'ன்னே நிக்குது. அக்கா என் தோளை அமுக்குன அமுக்குல நகம் பதிஞ்சுட்டு. "சீக்கிரம்லே, சீக்கிரம்லே"ங்காங்க.

படம் வந்துச்சு. கதையில விடிஞ்சிருக்கு. கடற்கரை. இன்ஸ்பெக்டர் தொப்பியைக் கழட்டிக் கையில வச்சிருக்கா. ரெண்டு பேரு தண்ணியில இருந்து ஒரு ஆளைத் தூக்கிட்டு வந்து மணல்ல கிடத்துதாங்க. பாண்டிதான். கண்ணு மூடிக் கிடக்கு. என்னை அடிக்கப் படியேறி வந்த ஜெசிந்தா "அய்யோ, மாதாவே!"ன்னு அங்கனயே உக்காந்துட்டா. எனக்கு அக்காவைப் பாக்கத் தைரியம் வரல.

அக்கா டிவிகிட்டப் போயி, மகன் முகத்தைக் கண்ணாடியோட சேத்துத் தடவுனாங்க. சிலுவை போட்டுக்கிட்டாங்க. அழுவாங்கன்னு பாத்தா அழல. நல்லா மூச்சை இழுத்து விட்டுட்டு என் பக்கம் திரும்பினாங்க. "உடம்பு கிடைச்சிட்டுல்லா, முருகேசா. அது போதும்."

மறுநாளே அஞ்சாறு வீடு டிஷ்ஷுக்குப் போயிட்டு, போகட்டும். நாம படத்தை விக்கோம்னு நினைச்சுட்டு இருக்கோம் சகோதரர்களே, சனம் நம்மளத் திட்டுறது எல்லாம் முடிவு தெரியாமப் போயிருமோங்கிற பயத்துலதான்.