இடுப்பு உயரத்து டைல்ஸ்

நான் வீடு வாங்கியது கத்திரி வெயிலில். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிறகு நடந்ததற்கெல்லாம் வேறு விளக்கம் தேடி யாரும் அலைய வேண்டாம். திருவொற்றியூரில் மே மாதத்து நடுப்பகலில் ஒருவனைக் கொண்டுபோய் நிறுத்தினால், நிழல் விழுகிற எதையும் வாங்கிவிடுவான். தரகர் என் கையில் ஒரு ரோஸ்மில்க்கைக் கொடுத்து, தரைத்தளத்து ஹாலில் ஃபேனுக்குக் கீழே நிற்கவைத்தார். செருப்பில்லாத காலில் குளிர்ச்சி ஏறியது.

"கீழ் வூடுன்னா இப்டித்தான் சார். எப்பவும் சில்லுன்னு இருக்கும்" என்றார்.

அதில் ஒரு சொட்டுப் பொய்கூட இல்லை.

ஹாலின் சுவர்களில் இடுப்பு உயரத்துக்கு டைல்ஸ் ஒட்டியிருந்தது. கட்டியவன் ரசனைக்காரன் என்று நினைத்தேன். ப்ளக் பாயிண்டுகள் எல்லாம் என் தோளுக்கு நேராக இருந்தன. எலெக்ட்ரீஷியன் நெட்டையன் போலிருக்கிறது என்று நினைத்தேன். ஒரு மூலையில் சிமெண்டில் உயரமாக மேடை கட்டி, அதற்கு ஏற இரண்டு படியும் வைத்திருந்தார்கள். சாமி மேடை என்று கன்னத்தில் போட்டுக்கொண்டேன். முன்பு குடியிருந்தவர் அதன்மேல் ஃப்ரிட்ஜ் வைத்திருந்தார் என்பது பத்திரம் பதிந்த பிறகுதான் தெரிந்தது.

இதில் வெட்கக்கேடு என்னவென்றால், ஈரம் பார்ப்பதுதான் என் பிழைப்பே. துறைமுகத்துக்குப் பக்கத்தில் ஒரு கிடங்கில் வேலை. வந்து இறங்குகிற கன்டெய்னர்களைத் திறந்து, உள்ளே தண்ணீர் புகுந்த தடம் இருக்கிறதா, இருந்தால் எந்த உயரம் வரைக்கும் என்று பார்த்து எழுதிக் கையெழுத்துப் போடுகிறவன் நான். மூட்டையின் அடியைத் தடவியே இது கப்பலில் நனைந்ததா, லாரியில் நனைந்ததா என்று சொல்லிவிடுவேன். அப்பேர்ப்பட்ட நிபுணனான நான், என் சொந்த வீட்டுச் சுவர் இடுப்பளவில் கோடு போட்டுக் காட்டியபோது, "டிசைன் சூப்பரா கீதுப்பா" என்று தரகர் தோளைத் தட்டிவிட்டு வந்தேன்.

என் மனைவி வாசலைத் தாண்டி உள்ளே வரவேயில்லை. டைல்ஸைப் பார்த்தாள். ப்ளக் பாயிண்டைப் பார்த்தாள். கடைசியாக என்னைப் பார்த்தாள்.

"அட்வான்ஸ் குட்த்துட்டியா?"

"ரிஜிஸ்டரே முடிஞ்சிபோச்சி."

"அப்ப நீ போய் குந்து. நல்லதா ஒரு மய பெய்யட்டும். தர காஞ்சி கீதுன்னு என் கண்ணால பாத்துட்டு அப்பால நான் வர்றேன். அதுவரிக்கும் எங்கம்மா வூட்லயே கீறேன்."

அவள் அம்மா வீடு தண்டையார்பேட்டையில், மாடிப் போர்ஷன். அங்கே நான் பதினாறு வருஷம் வீட்டோடு மாப்பிள்ளையாக இருந்தேன். குறை சொல்லக் கூடாது, மீன் குழம்பில் தலை எப்போதும் எனக்குத்தான். ஆனால் அந்தப் பதினாறு வருஷத்தில் டிவி ரிமோட்டை ஒருவரும் தாமாக என் கையில் கொடுத்ததில்லை. எனக்கென்று ஒரு வாசல், அதைத் திறந்தால் உள்ளே என் மனைவி. என் ஆசை அவ்வளவுதான். வாசல் கிடைத்துவிட்டது. மனைவி வருவதற்கு ஒரு மழை பாக்கி.

மடக்குக் கட்டில் ஒன்றோடும் ஒரு ஸ்டவ்வோடும் தனியாகக் குடிபோனேன். ஐப்பசியில் முதல் மழை வந்தபோது தயாராக இருந்தேன். வாசலில் மூன்று மணல் மூட்டை, அதன்மேல் ஒரு பலகை, பலகைக்கும் சுவருக்கும் நடுவே என் பழைய லுங்கி. தெருவில் தண்ணீர் முழங்காலுக்கு ஏறியது. உள்ளே ஒரு துளி வரவில்லை. நாற்காலியை வாசலைப் பார்த்துப் போட்டு உட்கார்ந்து, உலர்ந்த தரையைப் போட்டோ எடுத்து மனைவிக்கு அனுப்பினேன். எங்கோ பக்கத்தில் யாரோ இரும்பில் டங், டங், டங் என்று மூன்று முறை தட்டினார்கள். சுவரில் ஆணி அடிக்கிறார்கள் போல, மழை நாளில் வேறு வேலையில்லை என்று நினைத்துக்கொண்டேன்.

அப்போதுதான் குதிகாலில் ஏதோ சில்லென்று நக்கியது. தெருநாய் நுழைந்துவிட்டது என்று திரும்பினேன். நாயாகவே இருந்திருக்கக் கூடாதா!

பாத்ரூம் தரையில் தண்ணீர் போகிற ஓட்டை இருக்கிறதல்லவா, அது தன் தொழிலைத் தலைகீழாகச் செய்துகொண்டிருந்தது. போகவேண்டிய வழியில் தண்ணீர் வந்துகொண்டிருந்தது. குளுக் குளுக்கென்று கறுப்பாகப் பொங்கி, சமையலறையைச் சுற்றிப் பார்த்துவிட்டு, ஹாலுக்கு வந்து, என் ஒற்றைச் செருப்பையும் தள்ளிக்கொண்டு போனது. நான் முன்வாசலில் காவல் காக்க, விருந்தாளி கொல்லைப்பக்கமாக வந்து குடியேறியாயிற்று. அதில் மிதந்து வந்த தக்காளித் தோலையும் கறிவேப்பிலையையும் பார்த்து, மாடியில் அன்றைக்கு ரசம் என்று தெரிந்துகொண்டேன்.

சரியாக அந்த நேரத்தில் மனைவி வீடியோ கால் செய்தாள். கட்டில்மேல் ஏறி நின்று எடுத்தேன்.

"இன்னாத்துக்கு ஃபேனையே காட்டிகினு கீற?"

"கரண்டு போவல பாரு. எவ்ளோ ஜோரா ஓடுது!"

"தரையக் காட்டு."

"ஹலோ? ஹலோ? டவர் கட்டாவுது..."

டவர் நன்றாகத்தான் இருந்தது. நான்தான் கட்டானேன்.

சாயங்காலம் தண்ணீர் வந்த வழியே போனது. ப்ளீச்சிங் பவுடர் போட்டு இரண்டு நாள் தேய்த்தேன். மூன்றாம் நாள் காசிமேட்டுக்குப் போய், படகு வேலை செய்கிற தச்சர் ஒருவரைப் பிடித்தேன். ஓட்டையை அடைக்க மரத்தில் கட்டை கடைந்து தர வேண்டும் என்றேன்.

"எந்தப் படகு?"

"படகு இல்லண்ணே, பாத்ரூம்."

அவர் மேற்கொண்டு கேள்வி கேட்கவில்லை, அளவு கேட்டார். பாத்ரூமுக்கு ஒன்று, சமையலறைக்கு ஒன்று, மேலே பிடிக்கக் குமிழ் வைத்து அழகாகக் கடைந்து கொடுத்தார். "உள்ள வெச்சி ஒரு தட்டு தட்டு. தண்ணி பட்டா தானா ஊறி கப்புன்னு புடிச்சிக்கும். அப்பால நீயே நெனச்சாலும் அசையாது" என்றார். அதை நான் பாராட்டாக மட்டும் எடுத்துக்கொண்டேன். கக்கூசுக்கு மணல் கட்டிய பாலிதீன் பையை நானே தயார்செய்தேன்.

அடுத்த மழைக்கு மூன்றையும் அடைத்துவிட்டு, மனைவிக்கு நானே போன் போட்டேன். "இப்பவே வா. மய வுடறதுக்குள்ள வா" என்றேன். மழை நிற்பதற்குள் வா என்று மனைவியைக் கூப்பிட்ட முதல் ஆள் நானாகத்தான் இருக்கும். மத்தியானம் கும்மிடிப்பூண்டி ரயிலில் வந்து இறங்கி, செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு முழங்கால் தண்ணீரில் நடந்து வந்தாள். பலகையைத் தாண்டி உள்ளே கால் வைத்தாள்.

தரை காய்ந்திருந்தது. ஹால், சமையலறை, பாத்ரூம் மூன்றும் காய்ந்திருந்தன. அவள் குனிந்து ஒரு விரலால் தரையைத் தடவி முகர்ந்து பார்த்தாள். என் உத்தியோகத்தை என்னைவிட ஒழுங்காகச் செய்தாள்.

"பரவால்லியே" என்றாள். பையிலிருந்து பால் பாக்கெட்டை எடுத்து, "டீ போடறேன்" என்று ஸ்டவ்வைப் பற்றவைத்தாள். நான் ஹாலின் நடுவில் இடுப்பில் கை வைத்து நின்றேன். பதினாறு வருஷத்தில் இப்படி நிற்க எனக்கு இடம் கிடைத்ததில்லை.

கதவு தடதடவென்று இடிபட்டது.

எதிர் ஃப்ளாட்டில் இருக்கிற அம்மா. காசிமேட்டு ஏலத்தில் மீன் எடுத்து விற்கிறவர். வயதும் கிட்டத்தட்ட என் வயதுதான். தரைத்தளத்தில் இருப்பது நாங்கள் இரண்டு வீடு மட்டும். நான் வந்த நாளிலிருந்து "இன்னா சார், சாப்டியா?", "ஆச்சிக்கா" என்று எங்கள் பேச்சு நாகரிகமாகப் போய்க்கொண்டிருந்தது. அன்றைக்கு அவர் முழங்கால்வரை நனைந்திருந்தார். நாகரிகமும் நனைந்திருந்தது.

"யோவ்! உன் வூட்ல தண்ணி வருதா இல்லியா?"

"வரலியே!" என்றேன், பெருமை பொங்க.

"அதான பாத்தேன். உன் பங்கும் சேத்து எனக்கே வந்துகினு கீது. பாத்ரூம்ல ஊத்து மாரி அடிக்குதுய்யா! இன்னாத்தப் போட்டு அடச்சி வெச்சிகீற?"

விஷயத்தை அவர் வாசலில் நின்றபடியே எனக்கும் என் மனைவிக்கும் விளக்கினார். மாடிப்படிக்குக் கீழே ஒரே தொட்டி. மேலே எட்டு வீடு, கீழே எங்கள் இரண்டு வீடு, எல்லாக் கழிவுக் குழாயும் அதில்தான் சேர்கின்றன. தெருச் சாக்கடை நிரம்பினால் தொட்டித் தண்ணீர் திரும்பி, எங்கள் இரண்டு வீட்டு ஓட்டை வழியாகத்தான் ஏறும்.

"முன்ன இருந்தவரு பதினொரு வருசம் இருந்தாரு. ஒரு நாள் அடச்சதில்ல. நானும் அடச்சதில்ல. அவருக்குப் பாதி, எனக்குப் பாதி. கணுக்காலு வரிக்கும் வரும், குந்தும், போயிடும். மேல கீறவங்க தண்ணி ஊத்தாம இருக்க குழாயில மூணு தட்டு தட்டுவேன், நிறுத்திக்குவாங்க. நீ இன்னான்னா நோவாம டேம் கட்டி வெச்சிகீற!"

திறந்திருந்த அவர் கதவு வழியாகப் பார்த்தேன். கட்டில்மேல் இரண்டு கருவாட்டு மூட்டைகள். மூன்றாவது மூட்டை தரையில் பாதி முங்கி நின்றது.

எனக்குப் புரிந்துவிட்டது. கட்டை இருந்தால் மனைவி இருப்பாள். கட்டை போனால் அவளும் போவாள், நானும் மீன் தலையைச் சாப்பிடத் தண்டையார்பேட்டைக்குத் திரும்ப வேண்டியதுதான். உடனே நல்லவனாகிவிட்டேன் என்று எழுத ஆசைதான். ஆனால் நான் சொன்னது இது: "யக்கா, ஒரு மணி நேரத்துல வடிஞ்சிடும்க்கா."

அவர் என் மனைவியைப் பார்த்தார். என் மனைவி என்னைப் பார்த்தாள். நான் ஃபேனைப் பார்த்தேன்.

ஃபேனை எவ்வளவு நேரம்தான் பார்ப்பது? "எடுத்துட்டா நம்ம வூட்லயும் வரும்" என்றேன் மனைவியிடம்.

"தெரியுது" என்றாள். அந்த 'தெரியுது'வை வைத்துக்கொண்டு எனக்கு ஒன்றும் தெரியவில்லை. லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு பாத்ரூமுக்குப் போனேன்.

மணல் பை சுலபமாக வந்துவிட்டது. பாத்ரூம் கட்டைதான் வரவில்லை. தச்சர் சத்தியவான். கட்டை ஊறி, உப்பி, கப்பென்று பிடித்திருந்தது. கையால் இழுத்தேன், ஸ்க்ரூடிரைவரால் நெம்பினேன், கெஞ்சினேன். எதிர் வீட்டம்மா குனிந்து பார்த்தார்.

"காசிமேட்டு வேலையா?"

"ஆமாக்கா."

"நல்ல வேல" என்று மனதாரப் பாராட்டிவிட்டு, தன் வீட்டுக்குப் போய் ஒரு வலைக்கயிற்றோடு வந்தார். குமிழில் அவர் போட்ட முடிச்சை நான் இன்றைக்கும் போட்டுப் பார்க்கிறேன், வரவில்லை. முன்னால் நான், நடுவில் மனைவி, கடைசியில் அவர்.

"இழுய்யா! உன் வாய்தான் இழுக்குது, கையி இழுக்கல!"

மூன்றாவது இழுப்பில் கட்டை துப்பாக்கிக் குண்டு மாதிரி கிளம்பிச் சுவரில் மோதியது. நான் ஓட்டையின் பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டேன். என்மேல் மனைவி. எதிர் வீட்டம்மா மட்டும் அசையாமல் நின்றார். எங்கள் இரண்டு பேருக்கும் சேர்த்துக் கறுப்புத் தண்ணீர் அபிஷேகம் நடந்தது. என் காதில் ஒரு கறிவேப்பிலை ஒட்டியிருப்பதை மனைவி பார்த்தாள். அதற்குப் பிறகு அவளால் எழுந்திருக்க முடியவில்லை. சிரித்துச் சிரித்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு அங்கேயே கிடந்தாள்.

அரை மணியில் எதிர் வீட்டில் முழங்காலிலிருந்து இறங்கியது, எங்கள் வீட்டில் கணுக்காலுக்கு ஏறியது. இரண்டு கதவும் திறந்தே கிடந்தன. மூன்று கருவாட்டு மூட்டைகளையும் தூக்கி வந்து, நான் கன்னத்தில் போட்டுக்கொண்ட அந்த மேடையில் ஏற்றினோம். இரண்டு படி எதற்கு என்று அப்போது புரிந்தது. பால் பொங்கியிருந்தது, இருந்ததில் மனைவி டீ போட்டாள். மூன்று பேரும் கட்டிலில் வரிசையாக உட்கார்ந்து, கால்களைத் தண்ணீரில் விட்டுக்கொண்டு குடித்தோம். நான் யாருடைய முகத்தையும் பார்க்கவில்லை. மனைவி எப்போது செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு கிளம்புவாள் என்று காத்திருந்தேன்.

அப்போது தண்ணீர் கொஞ்சம் ஏறியது. சோப்பு நுரையோடு ஏறியது. மேலே யாரோ துணி அலசுகிறார்கள்.

எதிர் வீட்டம்மா டம்ளரைக் கீழே வைக்க இடம் தேடினார். அதற்குள் என் மனைவி இறங்கிவிட்டாள்.

"எத்தினி தட்டுக்கா?"

"மூணு."

டீ கலக்கிய கரண்டியோடு பாத்ரூமுக்குப் போனாள். டங், டங், டங். பிறகு, யாரும் சொல்லிக்கொடுக்காமலே, ஜன்னலைத் திறந்து மேலே பார்த்து ஒரு குரல் கொடுத்தாள்: "யாரும்மா அது மேல? கீய மனுசங்க குடியிருக்கறது கண்ணுக்குத் தெரியல?"

நுரை நின்றது. எதிர் வீட்டம்மா என் விலாவில் முழங்கையால் ஓர் இடி இடித்தார்.

அந்த வாரம் வெள்ளிக்கிழமை என் மனைவி அம்மா வீட்டிலிருந்து ஆட்டோவில் கிரைண்டரோடும் டிவியோடும் வந்து இறங்கினாள். அந்தக் கட்டை இப்போது பாத்ரூம் கதவு காற்றில் அடித்துக்கொள்ளாமல் பிடித்து நிற்கிறது. ரிமோட் அவளிடம். கிரைண்டரை எங்கே வைப்பது என்று என்னைக் கேட்கவில்லை. ப்ளக் பாயிண்டைப் பார்த்து, "ஒயரம் கரீட்டாதான் வெச்சிருக்கான்" என்றாள். தரை அன்றைக்கும் முழுசாகக் காய்ந்திருக்கவில்லை. மூலையில் இன்னும் ஈரம் இருந்தது. ஈரம் பார்ப்பதே தொழிலாக உள்ளவன் நான். கண்ணில் பட்டது, வாயைத் திறக்கவில்லை.