கேமராவைப் பார்த்தவள்

என் மனைவி நடப்பதைக் காட்டும் படம் இந்த உலகத்தில் ஒன்றே ஒன்றுதான் இருந்தது. அதுவும் ஒரு சினிமாவுக்குள் இருந்தது. இரண்டு விநாடி. அந்த இரண்டு விநாடி தப்பா, தப்பு இல்லையா என்றுதான் எங்கள் மின்சார ரயிலில் தினமும் சண்டை. நானும் சண்டை போட்டேன்.

எங்கள் கல்யாணத்துக்கு வீடியோ எடுக்கவில்லை. ஆல்பம் மட்டும்தான். அதில் பொம்மை மாதிரி நிற்கிறாள். செல்போன் வந்த பிறகும் நான் தூக்கிப் பிடித்தால் முந்தானையால் முகத்தை மூடிக்கொள்வாள். "உனுக்கு வேற வேல இல்ல" என்று உள்ளே போய்விடுவாள். எங்களுக்குக் குழந்தைகள் இல்லை. அவள் நடந்ததை, திரும்பியதை, எதையும் யாரும் எடுத்து வைக்கவில்லை.

அந்தச் சினிமாவுக்குள் அவள் போனது இப்படித்தான். ஒரு நாள் திருவேற்காடு கோயிலுக்குப் போய்விட்டு, பூந்தமல்லி வேன் பிடிக்க நடந்து வந்துகொண்டிருந்தோம். தெருவை மறித்து ஷூட்டிங். ஒரு டீக்கடை வாசலில் ஹீரோ போனில் பேசுகிற மாதிரி நின்றுகொண்டிருந்தார். பின்னால் ஜனங்கள் சும்மா போய்க்கொண்டிருக்க வேண்டும். கூட்டி வந்த ஆட்கள் போதவில்லை போலிருக்கிறது. உதவி இயக்குநர் ஒருவர் எங்களிடம் வந்து, இந்தப் பக்கமிருந்து அந்தப் பக்கம் நடந்து போகச் சொன்னார். எப்படியும் அந்தப் பக்கம்தான் போக வேண்டியிருந்தது. நடந்தோம். அங்கே போய்ச் சேர்ந்ததும் அந்த ஆள் ஓடி வந்தார்.

"அம்மா, கேமராவ பாக்காதீங்கன்னு சொன்னேன்ல? மொத்த டேக்கும் வேஸ்ட்டு."

அவர் சொல்லவே இல்லை. சொல்லாததைச் சொன்னதாகச் சொன்னார்.

"நான் இன்னாத்த பாத்துட்டேன்? கண்ணு கீது, பாக்குது" என்றாள் அவள்.

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். அவளுக்கு முகம் சுருங்கிவிட்டது. பூட்டியிருந்த ஒரு கடையின் படியில் போய் உட்கார்ந்துகொண்டாள். இன்னொரு தடவை நடக்கச் சொன்னபோது, "நீ வோணா போ. நான் வர்ல" என்றாள். நான் மட்டும் தனியாக நடந்தேன். முடிந்தது. வேனில் ஏறினோம்.

அதற்குப் பிறகு பல நாள் அதே பேச்சுதான். பாத்திரம் தேய்க்கும்போது திடீரென்று ஆரம்பிப்பாள். "என்னப் போயி வேஸ்ட்டுன்றான். அவுங்க அம்மா பாத்திருந்தா சொல்வானா?" நான் பதில் சொல்லாவிட்டாலும் கோபம், சொன்னாலும் கோபம்.

படம் வெளிவருவதற்கு முன்பே அவள் போய்விட்டாள். காலையில் தண்ணீர் பிடிக்கப் போன இடத்தில் விழுந்தாள். மூளையில் ரத்தக்குழாய் வெடித்துவிட்டது என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். இதைப் பற்றி மேலே எழுத எனக்கு ஒன்றும் இல்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் என் தலைக்கு டை அடித்துவிடுவது அவள்தான். அதையும் விட்டுவிட்டேன். கொஞ்ச நாளில் தலை முழுக்க வெள்ளையாகிவிட்டது.

படம் வந்தபோது ஆவடியில் ஒரு தியேட்டருக்குத் தனியாகப் போனேன். எதையும் எதிர்பார்த்துப் போகவில்லை. அவள் வரும் டேக் வேஸ்ட் என்றுதானே சொல்லியிருந்தார்கள். டீக்கடைக் காட்சி வந்தது. ஹீரோ போனில் பேசுகிறார். பின்னால் நானும் அவளும் நடந்து போகிறோம். பாதி வழியில் அவள் திரும்பிப் பார்க்கிறாள். நேராக, சீட்டில் உட்கார்ந்திருந்த என்னைப் பார்த்தாள். அடுத்து ஹீரோவின் முகம் மட்டும். மறுபடி தூரத்திலிருந்து காட்டும்போது அதே இடத்தில் நான் தனியாக நடந்துகொண்டிருக்கிறேன்.

"டேய், கூட வந்த ஆன்ட்டி எங்கடா?" என்று எனக்குப் பின்னால் ஒருவன் கத்தினான். தியேட்டரே சிரித்தது. எழுந்து அவனை நாலு அறை அறையலாம் என்றிருந்தது. அறையவில்லை. தியேட்டரிலிருந்து படத்தைத் தூக்கும்வரை திரும்பத் திரும்பப் போனேன். டீக்கடைக் காட்சி முடிந்ததும் எழுந்து வந்துவிடுவேன்.

நான் திருநின்றவூரில் வாடகை வீட்டில் இருக்கிறேன். அம்பத்தூர் எஸ்டேட்டில் இரும்பு பீஸ் அடிக்கும் ஒரு பிரஸ் ஷாப்பில் இன்ஸ்பெக்‌ஷன் வேலை. மிஷினிலிருந்து வரும் பீஸ்களை கேஜில் போட்டுப் பார்க்க வேண்டும். அளவு சரியாக இருந்தால் உள்ளே, இல்லாவிட்டால் ரிஜெக்ட். அங்கே இரைச்சலில் யாரும் யாரோடும் பேச முடியாது. வீட்டில் பேச ஆள் இல்லை. ஒரு நாளைக்கு நான் பேசும் மொத்தப் பேச்சும் ரயிலில்தான். நெமிலிச்சேரியில் ஒருவன் ஏறுவான். அட்டைப்பெட்டி செய்யும் கம்பெனியில் வேலை, முப்பது வயசு இருக்கும். அந்தப் படத்தின் டைரக்டர் என்றால் அவனுக்குச் சாமி. வண்டியில் எங்களோடு நிற்கும் நாலைந்து பேரும் அவன் பேச்சுக்குத் தலையாட்டுபவர்கள்.

ஒரு நாள் அவன்தான் அந்தக் காட்சியைப் பற்றிப் பேச்செடுத்தான். அது தப்பு என்றேன் நான்.

"இன்னா அண்ணாத்தே பேசற? அந்தாளு படத்துல தப்பே கெடையாது. அது குறியீடு."

"என்னடா குறியீடு?"

"மொத ஷாட்ல பொண்டாட்டி கூட வரா. நேரா ஒன்ன பாக்குறா. அடுத்த ஷாட்ல ஆளு இல்ல. செகண்ட் ஆஃப்ல ஈரோ பொண்டாட்டி இன்னா ஆவா?"

"செத்துடுவா."

"அவ்ளோதான், மேட்டர் ஓவர். மொதல்லயே சொல்லிட்டான் மன்சன். நமக்குத்தான் பிரியல."

"மண்ணாங்கட்டி. ரெண்டு டேக்க எடுத்து ஒட்டிருக்கான். ஒட்டுனவன் தூங்கிட்டான்."

"தூங்கிகினே கோடிக்கணக்குல படம் எடுப்பானா? மாமே, இவரு பிரஸ்ஸுல போல்ட்டு செக் பண்றாப்ல சினிமாவ செக் பண்றாருடா."

எல்லோரும் சிரித்தார்கள். மறுநாளும் அதேதான். அவன் போனில் யாரோ படத்தை விளக்கும் வீடியோவைக் காட்டுவான். அந்த ஆள் என் சட்டையின் நிறத்துக்கு ஒரு அர்த்தம் சொன்னார். அந்தச் சட்டை ஆவடி மார்க்கெட்டில் அவள் பேரம் பேசி வாங்கியது. அவள் கையிலிருந்த துணிப்பைக்கும் அர்த்தம் இருந்தது. அதில் இருந்தது குங்குமமும் உடைத்த தேங்காய் மூடியும்தான்.

எனக்கு எரிச்சலாகத்தான் இருந்தது. ஆனாலும் நெமிலிச்சேரி எப்போது வரும் என்று பார்த்துக்கொண்டு நிற்பேன். அங்கிருந்து அம்பத்தூர் வரை அவளைப் பற்றிப் பேச்சு நடந்தது. யாரைப் பற்றிப் பேசுகிறோம் என்று அவர்களுக்குத் தெரியாது. எனக்குத் தெரியும். அவள் போன பிறகு என் சொந்தக்காரர்கள் ஒருவரும் அவளைப் பற்றி அவ்வளவு நேரம் பேசவில்லை.

சொல்லாமலே இருந்திருப்பேன். ஒரு நாள் அவன், "அந்த ஆன்ட்டிய சாவு மாதிரி நடக்கவுட்டிருக்கான் பாரு, மூஞ்சிலயே சாவு தெரியுது" என்றான். எனக்குப் பொறுக்கவில்லை.

"அவ மூஞ்சில சாவு இல்லடா. கால் வலி. அவ என் பொண்டாட்டி. பக்கத்துல நடக்கறது நான்."

"ஆமா, டீ ஆத்துறது நான்" என்றான் அவன்.

"அண்ணாத்தே, அந்தாளு தல கருகருன்னு கீது. நீ பஞ்சு மிட்டாய் கணக்கா கீற" என்றான் இன்னொருவன்.

என் போனில் அவளுக்காக அடித்த கண்ணீர் அஞ்சலி பேனரின் படம் இருந்தது. அதை எடுத்து அவன் முகத்துக்கு நேரே நீட்டினேன். வாங்கிப் பார்த்தான். பெரிதாக்கிப் பார்த்தான். கீழே போட்டிருந்த என் பெயரையும் படித்தான். போனைத் திருப்பிக் கொடுக்கும்போது, "சாரிண்ணா" என்றான். எல்லோரும் ஆளுக்கொரு பக்கம் திரும்பிக்கொண்டார்கள். அண்ணனூர், திருமுல்லைவாயல் எல்லாம் போயிற்று.

மறுநாள் நான் ஏறியிருந்த பெட்டியில் அவன் ஏறியதும், உட்கார்ந்திருந்த ஒருவனை எழுப்பி எனக்கு இடம் வாங்கிக் கொடுத்தான். யாரும் சினிமா பேசவில்லை. கிரிக்கெட் பேசினார்கள், அதுவும் மெதுவாக. அதற்கு மறுநாளும் அப்படித்தான். சாவு வீட்டில் செருப்பைக் கழற்றுகிற மாதிரி நடந்துகொண்டார்கள். எனக்கு இடம் யார் கேட்டது? நான் என்ன நோயாளியா? இருந்த ஒரு பேச்சையும் நிறுத்திவிட்டார்கள்.

கடைசியில் நானே வம்புக்குப் போனேன். எழுந்து அவன் பக்கத்தில் கதவோரம் நின்றேன்.

"இன்னாடா, அவ கேமராவ பாத்த டேக்க வேஸ்ட்டுன்னாங்க. இப்ப சொல்லு. குறியீடா, தப்பா?"

"வுடுண்ணா. நீயே நடந்தேன்னு சொல்லிட்ட. அதுக்கு மேல இன்னா பேசறது?"

"பேசு. பயந்துகினு பேசாம இருக்காத."

வெளியே பார்த்தபடி மெதுவாகச் சொன்னான். "ரோட்டுல நடந்தது ஒனக்குத் தெரியும். சரி. எடிட்டிங் ரூம்ல நடந்தது ஒனக்குத் தெரியுமா? அக்கா கேமராவ பாக்குறது தெரு நாய்க்குக் கூடத் தெரியும். உக்காந்து வெட்டுறவனுக்குத் தெரியாதா? வேஸ்ட்டுன்னு சொன்ன டேக்க திரும்ப எடுத்து ஏன் உள்ள வெச்சான்? பாத்தான், புட்ச்சிருந்தது, வெச்சான். எனக்கு அவ்ளோதாண்ணா தோணுது."

அன்றைக்கு வேலையில் அதே நினைப்புதான். எங்கள் கம்பெனியில் ஒரு வழக்கம் உண்டு. அளவு தவறின ஒரு லாட் பீஸ்களை எல்லா நேரமும் தூக்கிப் போட மாட்டோம். வாங்குகிற கம்பெனிக்குச் சொல்லுவோம். தப்பு இருக்கிறது, ஆனால் மாட்டினால் வேலை செய்யும் என்று. அவர்கள் பார்த்துவிட்டு, தெரிந்தே வாங்கிக்கொள்வார்கள். அதற்கு டீவியேஷன் என்று பெயர். என் மனைவியையும் யாரோ ஒருவர் இருட்டறையில் உட்கார்ந்து பார்த்திருக்கிறார். இந்த அம்மா கேமராவைப் பார்க்கிறார், பரவாயில்லை, இருக்கட்டும் என்று விட்டிருக்கிறார். குறியீடு இல்லை. கவனக்குறைவும் இல்லை. தெரிந்தே விட்டது.

அவள் இருந்திருந்தால் இதைச் சொல்லியிருப்பேன். உன்னை வேஸ்ட் என்றவன் சும்மா எடுபிடி, மேலே இருக்கிறவன் உன்னை வைத்துக்கொண்டான் என்று. வீட்டில் சுவரைப் பார்த்து ஒரு தடவை சொன்னேன். கேவலமாக இருந்தது. நிறுத்திவிட்டேன்.

பிறகு படம் போனில் பார்க்கிற மாதிரி வந்தது. அதற்காகத்தான் காத்திருந்தேன். இனிமேல் டிக்கெட் வேண்டாம், எப்போது வேண்டுமானாலும் பார்க்கலாம். ஞாயிற்றுக்கிழமை சமைக்காமல் உட்கார்ந்து போட்டேன். டீக்கடைக் காட்சி வந்தது. ஹீரோ பெரிதாகத் தெரிந்தார். தியேட்டரில் பார்த்ததைவிடப் பெரிதாக. அவருக்குப் பின்னால் ஒரு தோளும் கொஞ்சம் சட்டையும் போயிற்று. என் தோள். அவள் எனக்கு அந்தப் பக்கம் நடந்துகொண்டிருந்தாள். அந்தப் பக்கமே படத்தில் இல்லை.

திருப்பித் திருப்பிப் போட்டேன். போன்தான் கோளாறோ என்று பக்கத்து வீட்டு டிவியிலும் போடச் சொன்னேன். அங்கேயும் அப்படித்தான்.

திங்கட்கிழமை ரயிலில் அவன் என்னைப் பார்த்ததும் கீழே குனிந்துகொண்டான். அவனும் பார்த்திருக்கிறான்.

"எல்லாரும் கலாய்ச்சிட்டானுங்கணா. அதான் ஜூம் பண்ணி வெட்டிட்டானுங்க. நீ சொன்னதுதான் கரெக்ட்டு. தப்பு இல்லன்னா ஏன் தூக்கப் போறான்?"

"வாய மூடு" என்றேன்.

நான் ஜெயித்துவிட்டேன். இவ்வளவு நாள் சண்டை போட்டு, அது தப்புதான் என்று நிரூபணமாகிவிட்டது. தப்பு என்று சொன்ன ஒவ்வொருவனையும் கழுத்தைப் பிடித்து இழுத்துவந்து, யாரை வெட்டினாய் தெரியுமா என்று கேட்க வேண்டும் போலிருந்தது. அவள் கேமராவைப் பார்த்தாள். பார்த்தால் என்ன? யாருக்கு என்ன குறைந்துபோயிற்று?

"பழசு எங்கியாவது இருக்கும், தேடித் தரேன்" என்று அவன் சொன்னான். நம்பவில்லை. ஆனால் தேடினான். ஒரு வாரம் கழித்து, பட்டாபிராம் தாண்டும்போது போனை எடுத்தான். காட்டாமல் கையிலேயே வைத்துக்கொண்டிருந்தான்.

"கெடச்சுதுண்ணா. ஆனா கலாய்க்கறதுக்காக எவனோ தேட்டர்ல எடுத்து போட்டது. நல்லா இருக்காது. வோணாம்னா அழிச்சுடறேன்."

"அனுப்பு" என்றேன்.

சாய்ந்துபோன படம். முன்வரிசைக்காரன் ஒருவனுடைய தலை என்னை முழுக்க மறைத்துவிட்டது. அவள் மட்டும் தெரிகிறாள். அவள் முகத்தைச் சுற்றிச் சிவப்பில் ஒரு வட்டம் போட்டிருக்கிறார்கள். அவள் நடக்க நடக்க வட்டமும் கூடவே போகிறது. திரும்பிப் பார்க்கும் இடத்தில் படத்தை நிறுத்தி, யாரோ விழுந்து விழுந்து சிரிக்கிற சத்தத்தைச் சேர்த்திருக்கிறார்கள். நான் சத்தத்தை அணைத்துவிட்டுப் பார்க்கிறேன். தினமும் பார்க்கிறேன்.

ஸ்டேஷன் பக்கத்தில் செல்போன் கடை வைத்திருப்பவரிடம் அந்த வட்டத்தை மட்டும் எடுத்துத் தர முடியுமா என்று கேட்டேன். அவர் கொஞ்ச நேரம் கம்ப்யூட்டரில் போட்டுப் பார்த்தார். வட்டத்தை எடுத்தால் அது இருக்கும் இடத்தில் முகமும் கலைந்துவிடும் என்றார்.

அப்படியே இருக்கட்டும் என்று சொல்லிப் போனை வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.