உறைந்த அமிலமும் ஒரு கேத்தல் வெந்நீரும்

அறுபதுகளின் தொடக்கத்தில் கொடைக்கானல் பள்ளி ஒன்றில் வேதியியல் ஆசிரியராக இருந்தேன். வேலை இன்னும் நிரந்தரமாகவில்லை. மார்கழியில் ஒரு நாள் ஆய்வாளர் என் வகுப்பைப் பார்க்க வருவதாக இருந்தது. அவர் எழுதப்போகும் குறிப்பில்தான் என் பிழைப்பு இருந்தது.

அசிட்டிக் அமிலத்தையும் ஆல்கஹாலையும் சூடாக்கி, பழவாசனை வீசும் திரவத்தை ஒரு குடுவை நிறைய வடித்துக் காட்டுவதாகத் திட்டம். அதற்குத் தண்ணீர் கலக்காத அமிலம் வேண்டும். மதுரையில் அது திரவம். எங்கள் குளிரில் கல். புட்டியை வெந்நீர்ப் பாத்திரத்தில் நிறுத்தி உருக்கவேண்டும் என்ற முறையை அழகான ஆங்கிலத்தில் எழுதி அலமாரியில் ஒட்டியிருந்தேன், ஆங்கிலம் படிக்காத அட்டெண்டருக்காக.

அவர் மேல்மலையில் பூண்டு போடும் குடும்பத்துக்காரர். அன்று காலை நான் போனபோது பெரிய புட்டியில் அமிலம் தளும்பிக்கொண்டிருந்தது.

"எப்படிண்ணே உருகுச்சு?"

"வெள்ளனே வந்து பாத்தேன் சார், கல்லாட்டம் கெடந்துச்சுங்க. ஒரு கேத்தல் வெந்நி ஊத்துனேன். வெரசா எளகிருச்சு."

"உள்ளேயா ஊத்துனீங்க?"

"தொட்டித்தண்ணி ஒறஞ்சா மாட்டுக்கு அப்படித்தானே சார் எளக்குறோம்?"

வேறு பெரிய புட்டி கிடையாது. சின்னதொன்றில் கொஞ்சம் உறைந்தபடி மிச்சமிருந்தது. அதை முறைப்படி நானே உருக்கினேன். வடிக்க அது போதாது, பாடத்தை மாற்றினேன்.

கரும்பலகையில் அமிலத்தின் பெயரை இருமுறை எழுதினேன். ஒன்றின் பக்கத்தில் அடைப்புக்குறிக்குள் எல்: தண்ணீர் சேராத வெறும் திரவம். மற்றதன் பக்கத்தில் ஏக்யூ: தண்ணீரில் கரைந்தது. கண்ணுக்கு இரண்டும் ஒன்றுதான். இரண்டையும் தனித்தனிச் சோதனைக்குழாயில் ஊற்றி, ஒவ்வொன்றிலும் மக்னீசிய நாடா ஒரு துண்டு போட்டேன். கேத்தல் தண்ணீர் குடித்தது குமிழியிட்டுப் பொங்கியது. சுத்தமானது கிட்டத்தட்டச் சும்மாவே இருந்தது.

"தண்ணி கலந்தா வீரியம் குறையணுமே?" என்றார் ஆய்வாளர்.

"அது அமிலமா வேலை செய்யவே தண்ணி வேணும் சார். அதனாலதான் அந்த எழுத்தை விடக்கூடாதுங்கறேன்."

"நல்ல யோசனை. கரைசலை யார் தயார் பண்ணினது?"

நான் வாயைத் திறக்குமுன் வாசலிலிருந்து பதில் வந்தது. "நாந்தாங்க ஊத்துனேன். ஒரே கேத்தல்தான்."

ஆய்வாளர் எதையோ எழுதினார். இரண்டு வாரம் கழித்துக் குறிப்பு வந்தது. கரைசலை முன்கூட்டியே தயாரித்து வைத்த உதவியாளருக்குப் பாராட்டு. என்னை நிரந்தரமாக்கலாம் என்பது அதற்கடுத்த வரி.

குறிப்பு வந்த அன்று மாலையே பெரிய புட்டியின் சீட்டில் இருந்த ‘எல்’ என்ற எழுத்தை அடித்து ‘ஏக்யூ’ என்று எழுதினேன். அலமாரியில் ஒட்டியிருந்ததையும் கிழித்துவிட்டுத் தமிழில் எழுதி ஒட்டினேன்.